மறு: மறு: டர்பினேட்டுக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

வணக்கம். நாள்பட்ட மூக்கழற்சி உள்ள முதியவர்களுக்காக ஓர் அறுவை சிகிச்சைக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மூக்குக்குள் பக்கத்துக்கு மூன்றாகச் சுருண்டு நிற்கும் டர்பினேட்டுக்கு என்ன எழுதுவது? அதில் கீழே இருப்பது வீங்கித்தான் அடைப்பு. அதற்குக் கோன்கா (இலத்தீனில் சிப்பி, சங்கு) என்றும் பெயர் உண்டு என்பதால், இப்போதைக்கு 'மூக்குச் சங்கு' என்று வைத்திருக்கிறேன்.

—

> மூக்குச் சங்கு

எழுபது வயதுக்காரரிடம் "உங்களுக்குச் சங்கு" என்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவாரா?

—

பயம் இருக்கட்டும், சங்கு வடசொல். 'புரி' நம்முடையது. புரிதல் என்றால் முறுக்குதல், புரிநூல், புரிகுழல். முல்லைப்பாட்டு தொடங்குவதே திருமால் கையிலுள்ள வலம்புரியோடுதான். ஆகவே 'மூக்குப்புரி'. டர்பினேட்டுக்கு மூலமான இலத்தீன் டர்போவும் சுழல்வதுதான், பம்பரம். பம்பரம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால்...

—

ஐயா, பம்பரத்தை விடுங்கள். மூக்குப்புரி யாருக்குப் புரியும்? ஜனங்கள் "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்கிறார்கள். 'மூக்குச் சதை' போதும்.

—

போதாது. நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். பாலிப்பையும் (மூக்குச் சவ்வு வீங்கித் தொங்கும் கட்டி) அதே 'சதை' என்றுதான் சொல்கிறார்கள். பாலிப்பை எடுத்துவிடலாம். டர்பினேட்டை அப்படியே எடுத்துவிட முடியாது. இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது இதுதான். அளவு மீறி வெட்டினால் வழி அகலமாகத் திறந்திருக்கும், ஆனாலும் சிலருக்கு மூச்சு போவதே தெரியாது. உள்ளே பொருக்குத் தட்டும். வயதானவர்களுக்குச் சவ்வு ஏற்கெனவே உலர்ந்து மெலிந்திருக்கும். 'சதை' என்று எழுதினால் "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்பார்கள், தினமும் கேட்கிறேன். அப்புறம், இந்த அறுவையால் அடைப்பு குறையலாம். சாப்பிடும்போது மூக்கு ஒழுகுவதும் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். சொல்லைவிட அது முக்கியம்.

—

'மூக்கு மடல்'?

—

மடல் வெளியே இருப்பது, காது மடல்போல. இது உள்ளே, நடுவில் எலும்போடு. 'சுருள்' என்று வைக்கலாமே?

—

சரி, சுருள்.

—

எனக்கும் சுருள். தூக்கம் வருகிறது.

—

அழற்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே! மூக்கழற்சிக்குப் பீனிசம் என்ற சொல் சித்த மருத்துவத்தில் இருக்கும்போது...

—

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், அம்மா. 'மூக்குச் சுருள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

—

படம் போட்டது நல்லது. ஆனால் சுருள் என்றதும் முடிதான் நினைவுக்கு வரும். மூக்கு முடியை வெட்ட எதற்கு மயக்க மருந்து என்று கேட்கப்போகிறார்கள். புரி என்றே வைத்திருக்கலாம்.