காலாண்டு லீவில் முதுமலையா, வேறு நாள் பார்க்கலாமா?

கோத்தகிரி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவன் நாலாம் வகுப்பு, சின்னவள் யுகேஜி. கூட மாமியாரும் வருவார். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக்குள் காட்டுமாடு வந்து நிற்பது தினப்படிக் காட்சி. ஆனால் பிள்ளைகள் யானை பார்த்தது கோயிலில் மட்டும்தான்.

மே மாதம் முதுமலையில் யானை முகாம் இருக்கிற தெப்பக்காடு போகக் கிளம்பினோம். ஊட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே மதியம் ஆகிவிட்டது. கவுன்டரில் அன்றைக்கு சஃபாரி வேன் டிக்கெட் முடிந்தது என்றார்கள். இனி மே மாதமே வேண்டாம் என்று வீட்டில் முடிவு. காலாண்டு, அரையாண்டு, பொங்கல், இதில் எது நல்லது? வீட்டுக்காரருக்கு வார நாளில் ஒரு நாள் லீவு கிடைத்தாலே பெரிசு. சின்னவளுக்கு வளைவில் வாந்தி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடலூர் வாத்தியார்:

மேடம், நம் பள்ளிக்கூடக் காலண்டரை மட்டும் வைத்து முதுமலைக்குத் தேதி குறித்தால் சரிப்படாது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் முட்டுகிற இடம் அது. யாருக்கு லீவு விட்டாலும் எங்கள் ஊர் ரோடு வழியாகத்தான் வண்டி வரும்.

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வரும். மே மாதத்தோடு ஒப்பிட்டால் கூட்டம் குறைவுதான். ஆனால் அதே சமயம் கர்நாடகாவில் தசரா லீவு. மைசூரு பார்த்துவிட்டு பந்திப்பூர், தெப்பக்காடு, ஊட்டி என்று அப்படியே ஏறிவருவார்கள். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் கூடலூர் பஸ் ஸ்டாண்டைக் கடப்பதே பெரும்பாடு. போவதென்றால் அந்த நாட்களை விட்டு, லீவு தொடங்கியதும் வரும் வார நாளில் போங்கள். மழை விட்டுக் காடு பச்சைப்பசேலென்று இருக்கும். கண்ணுக்கு அழகு, மிருகம் பார்க்கத்தான் கொஞ்சம் சிரமம். உண்ணிச்செடி ஆள் உயரம் நிற்கும், பத்தடி உள்ளே யானை நின்றாலும் தெரியாது. ரோட்டோரம் புல் மேய வருகிற புள்ளிமானும் காட்டுமாடும்தான் அப்போது நிச்சயம்.

அரையாண்டு லீவு வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று மூன்று மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் லீவு.

ஓணத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நீலகிரிக்கும் அன்று உள்ளூர் விடுமுறை விடுவதால், சும்மா இருக்கிற நாள்தானே என்று தோன்றும். ஆனால் கேரளாவில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு. வழிக்கடவு, சுல்தான் பத்தேரி இரண்டு பக்கமும் வண்டி வரிசைகட்டி ஏறும்.

என்னைக் கேட்டால் ஜனவரி. பொங்கல் லீவு இவ்வளவு நீளமாக நமக்குத்தான். மாட்டுப் பொங்கலை ஒட்டித் தெப்பக்காடு முகாமில் யானைப் பொங்கல் வைப்பார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் வரும், மற்ற நாளில் பரவாயில்லை. அதைவிட நல்லது படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விடுகிற உள்ளூர் விடுமுறை. நீலகிரிக்கு மட்டும் லீவு, பெரும்பாலும் வார நாள். கோவையில் ஆபீஸ் நடக்கும், மைசூரில் பள்ளிக்கூடம் நடக்கும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை எங்களை வேலை வாங்குவார்கள், அது என் தலைவலி. ஜனவரியில் புல் காயத் தொடங்கியிருக்கும், காட்டுக்குள் கொஞ்ச தூரம் பார்வை போகும். பிப்ரவரி, மார்ச் இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் காட்டுத்தீ பயத்தில் சில வருடம் சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள்.

பேரகணி பக்கத்துக்காரன்:

வாத்தியார் சார், ஹெத்தைப் பண்டிகை அன்று எல்லோரையும் காட்டுக்கு அனுப்புகிறீர்களே! படுகர்கள் நாங்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு பேரகணி ஹெத்தையம்மன் கோயிலுக்குப் போகிற நாள் அது. கோத்தகிரி அக்கா, நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லையென்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் அன்று காலையில் கோத்தகிரியில் இருந்து கிளம்பாதீர்கள், ரோடு முழுக்க நாங்கள்தான் இருப்போம். முதல் நாளே இறங்கிவிடுங்கள்.

மசினகுடி டிரைவர்:

அக்கா, உங்களுடையது டிஎன் 43, நீலகிரிப் பதிவு வண்டிதானே? அப்படியென்றால் ஊட்டி தாண்டித் தலைக்குந்தாவில் கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடிக்கு இறங்க விடுவார்கள். வெளி மாவட்ட வண்டியை இறங்க விடமாட்டார்கள், அவர்கள் பைக்காரா, கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர், இரண்டாம் கியருக்கு மேல் போகவே கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற வண்டியில் பாதி வழியிலேயே கருகின வாசனை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. இது வீட்டுக்காரருக்கு. பாப்பாவை முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார வைக்காதீர்கள், பின்னால் நடுவில் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்தாலே பாதி வாந்தி நிற்கும். கூடலூர் வழி வளைவு கம்மி, ஆனால் தூரம் இரண்டு மடங்கு.

பள்ளி விட்டதும் கிளம்புங்கள், இருட்டினால் சீகூர்ப் பக்கம் யானை ரோட்டிலேயே நிற்கும். ராத்திரி மசினகுடியில் தங்கி, காலை 6.30 மணி வேனைப் பிடியுங்கள். அது முடிந்ததும் 8.30க்கு மேல் முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கட்டியாக்கி, பாகன் கையால் நேராக வாய்க்குள் வைப்பார். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே இளஞ்சிவப்பு நாக்கு தெரியும். பாப்பாவுக்கு வேனைவிட இதுதான் பிடிக்கும், பாருங்கள்.

புலி, புலி என்று பையனிடம் சொல்லிவைக்காதீர்கள். செந்நாய்க் கூட்டம் தெரிந்தாலே அன்றைக்கு நல்ல நாள். மாயாறு ஓரத்து மரங்களில் மலையணில் இருக்கும், அதை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:

எங்களுக்கு ஹெத்தை லீவு கிடையாதே சார். சென்ற முறை தங்கிய விடுதியில் ‘நைட் சஃபாரி’ என்று தலைக்கு இவ்வளவு என வாங்கி, ஜீப்பில் மெயின் ரோட்டிலேயே டார்ச் அடித்துக் காட்டினார்கள். அதெல்லாம் அனுமதி உள்ளதா?

கூடலூர் வாத்தியார்:

அனுமதி கிடையாது. வனத்துறை பிடித்தால் அபராதம் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை ஏற்பாட்டில் போவதுதான் சஃபாரி. உங்களுக்குப் பொங்கல் லீவின் கடைசி நாட்கள் தோதுப்படும். கோவை வண்டி என்பதால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், சாவடியிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஹெத்தைப் பண்டிகைக்கு முதல் நாள் மாலை இறங்குவதாகப் பேசிவிட்டோம். பேரகணித் தம்பி, நாங்கள் சமவெளியில் இருந்து வந்தவர்கள், மன்னிக்கவும்! இன்னொன்று, மாமியாருக்கு மூட்டு வலி. வேனில் ஏற முடியுமா? மசினகுடியில் குளிர் எப்படி?

மசினகுடி டிரைவர்:

படி கொஞ்சம் உயரம்தான், ஒருவர் கை கொடுத்தால் ஏறிவிடலாம். கடைசி சீட்டு மட்டும் வேண்டாம், தூக்கிப்போடும். குளிர் கோத்தகிரி அளவுக்கு இருக்காது, நாங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறோம். ஆனால் காலை ஆறரைக்கு ஜன்னல் காற்று சுள்ளென்று அடிக்கும். ஸ்வெட்டர், குல்லா எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் கழற்றிவிடுவீர்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம்.