மறுமொழி: ‘ரெசெர்வா எஸ்த்ரத்திவிஸ்தா’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ‘ரெசெர்வா எஸ்த்ரத்திவிஸ்தா’ (reserva extrativista) என்பது பிரேசிலில் வழங்கும் போர்ச்சுகீசியச் சொல்: காட்டில் தானாக விளைவதை எடுத்துப் பிழைப்பவர்களுக்காக ஒதுக்கிய காடு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது வந்த யோசனை இது:

> ‘பிரித்தெடுப்புக் காப்பகம்’ என்றே வைத்துவிடலாமே. நேர்ப்பொருள் வந்துவிடுகிறது.

நேர்ப்பொருள் வருகிறது ஐயா, காடு வரவில்லை. பிரித்தெடுப்பு என்றதும் வேதியியல் கூடத்துக் குடுவைதான் எனக்குக் கண்முன் நிற்கிறது.

பிரேசில் அரசியல்வாதி மரினா சில்வா பற்றிய நம் கட்டுரையில் இந்தச் சொல்லைத் தாண்டிப் போகவே முடியாது. 1958இல் ஆக்ரி மாநிலத்து ரப்பர் காட்டில் பிறந்தவர். சிறுமியாக ரப்பர் பால் வெட்டியவர். அங்கே ரப்பர் யாரும் வரிசை பிடித்து நட்ட மரமில்லை. காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தானாக முளைத்தது. ஒவ்வொரு மரமாகத் தேடி நடக்க வேண்டும். 16 வயதில் வைத்தியத்துக்காக மாநிலத் தலைநகர் ரியோ பிராங்கோ வந்த பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். வீட்டுவேலை பார்த்துக்கொண்டே படித்து வரலாற்றில் பட்டம் வாங்கினார்.

அவருடைய தோழர், ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இல் மென்டிஸ் பெயரில் 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இவ்வகைக் காடாக ஒதுக்கினார்கள். நிலம் அரசுடையது, குடியிருப்பவர்கள் அங்கேயே இருந்து பாலும் பிரேசில் கொட்டையும் எடுத்துக்கொள்ளலாம். வெறுமனே ‘காப்புக்காடு’ என்றால் நம்மூரில் வனக்காவலர் வழிமறிப்பதுதான் நினைவுக்கு வரும். ‘சிறு வன மகசூல்’ (காட்டில் மரம் தவிர மற்ற விளைபொருள்) அலுவலகச் சொல். அதிலுள்ள ‘சிறு’ இங்கே பொருந்தாது, இவர்களுக்கு அதுதானே பிழைப்பு!

புறநானூற்றில் கபிலர் பறம்பு மலையை ‘உழவர் உழாதன நான்கு பயன் உடைத்து’ என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அதிலிருந்து ‘உழாப்பயன் காடு’ என்று எடுத்தால் என்ன?

ஓர் இடறல் உண்டு. அங்குள்ளவர்கள் வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள், அது ‘உழாப்பயன்’ ஆகாது. இருந்தாலும் பெயர் பெரும்பான்மை பற்றி வரலாம் என்பது என் கட்சி.

மரினா வாழ்வின் மற்ற கட்டங்களுக்குச் சொல் பஞ்சமில்லை. 36 வயதில் செனட்டர். 2003 முதல் 2008 வரை சுற்றுச்சூழல் அமைச்சர், பிறகு பதவி விலகல். 2010 அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி வேட்பாளராக மூன்றாமிடம். 2023இல் மீண்டும் அதே அமைச்சகம்.

இன்னொன்று, வரைவில் யாரோ ‘rubber tapper’ என்பதை ‘ரப்பர் தட்டுநர்’ என்று திருத்தியிருக்கிறீர்கள். தட்டுவது கதவை. ரப்பர் விளையும் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் கேட்டுப் பாருங்கள், ‘பால் வெட்டு’ என்றுதான் சொல்வார்கள். ‘பால்வெட்டுநர்’ என்று மாற்றிவிட்டேன். ‘உழாப்பயன் காடு’ இன்னும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. மரவள்ளிக்கு ஒரு வழி சொன்னால் அடைப்புக்குறியை எடுத்துவிடுகிறேன்.