எக்ஸ்ரேயில் முள் தெரிந்தது, வலித்தது வேறு ஒன்று: குதிகால் வலி அனுபவங்கள்

நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தும் வேலை எனக்கு. போன வருடம் ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வலது காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி ஏறியது போல சுருக்கென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பத்து எட்டு வைத்ததும் குறைந்தது. ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் வலி தீரும் என்று நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்தப் பயத்தைத்தான் பிசியோதெரபிஸ்ட் முதலில் போக்கினார். முள் இருக்கிற பலருக்கு வலியே கிடையாது, வலிக்கிற பலருக்கு முள் கிடையாது என்றார். பெரும்பாலும் வலிப்பது குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை. இரவெல்லாம் அசைவில்லாமல் இறுகிக் கிடந்துவிட்டு முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. அதனால் கால் தரையில் படுவதற்கு முன்பே அதை இளக்க வேண்டும். வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, கால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து 10 எண்ணும் வரை பிடிக்கச் சொன்னார். அப்போது உள்ளங்காலைத் தடவினால் அந்த நார் கம்பி போல விறைத்து நிற்பது விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் சரியாக இழுக்கிறோம் என்று அர்த்தம். ஒரு வேளைக்கு 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. கூடவே சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையையும் நீட்ட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு.

முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. அழுகையே வந்தது. ஆறாவது வாரத்தில் ஒருநாள் காலையில் அடுப்படி வரை போன பிறகுதான் சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறேன் என்று உறைத்தது. முழுதாகப் போக ஏழு மாதம் ஆனது.

*

எனக்கும் இதே கதைதான், ஆனால் நான் அவசரப்பட்டேன். பயிற்சியை இரண்டே வாரத்தில் விட்டுவிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு மாதம் சொர்க்கம். அப்புறம் வலி திரும்பி வந்தது. இன்னொரு ஊசி கேட்டபோது மருத்துவர் மறுத்துவிட்டார். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நார் அறுந்துபோகலாம், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பும் தேயலாம் என்றார். அவர் மறுத்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வலிக்கும் இடத்தில் கருவியால் அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சையும் எடுத்தேன், ஓரளவு கேட்டது. என்னை நிமிர்த்தியது குதிகாலை உயர்த்தும் பயிற்சி. சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்க வேண்டும்.

*

என் அக்காவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் காலையில் மட்டுமல்ல, நடக்க நடக்க வலி கூடியது. குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் துடித்துப்போவார். முள்தான் என்று நாங்களே முடிவு செய்து ஒரு மாதம் பயிற்சி செய்ய வைத்தோம். கடைசியில் எலும்பில் மயிரிழை முறிவு. வீக்கம், மரத்துப்போதல், இரவில் சும்மா படுத்திருக்கும்போதே வலி என்று ஏதாவது இருந்தால் தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு மாதம் அவர் பட்ட வேதனை இன்னும் என் மனதை அறுக்கிறது.