காற்றுச் சிலிண்டரை யார் பூட்டுவது? கடலில் இறங்கினவர்கள் சொல்லுங்கள்

முல்லைத்தீவு:

எங்கள் வீட்டில் கடலில் இறங்கிச் சங்கு எடுக்கும் தொழில். நான் படிப்பு, வேலை என்று வவுனியாவுக்குப் போய்விட்டேன். சுழியோடப் பழகியது பிறகுதான், நிலாவெளியில் பணம் கட்டி. ஊருக்கு வரும்போதெல்லாம் மச்சானோடு சேர்ந்து இறங்குவேன். போன வைகாசியில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

அளம்பிலுக்கு நேரே வெளியே போயிருந்தோம். தெரிந்த ஒருவரின் படகு. ஓட்டி ஒருவர், உதவிக்கு ஒரு தம்பி, இறங்க நாங்கள் மூன்று பேர். முதல் நாள் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த களைப்பில் நான் அணியத்தில், படகின் முன்பக்கம், சாய்ந்து கிடந்தேன். என் சிலிண்டரை அந்தத் தம்பிதான் முதுகில் மாட்டும் ஜாக்கெட்டோடு கட்டி, மூச்சு இழுக்கும் ரெகுலேற்றரையும் பூட்டினான். "அண்ணை, எல்லாம் பூட்டியாச்சு. நீங்கள் இறங்குங்கோ" என்றான். வாயில் வைத்து ஒருதரம் இழுத்தேன், காற்று வந்தது. சிலிண்டரின் அழுத்தம் காட்டும் அளவுமானி 200 பார் காட்டியது. சரி என்று விழுந்துவிட்டேன்.

10 மீற்றர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 18 மீற்றரில் மணலைத் தொட்டு, சங்கு ஊர்ந்த தடம் பார்த்து காலில் போட்ட துடுப்பை நாலு தரம் அடித்ததும் மூச்சு இறுகியது. இழுக்க இழுக்க, யாரோ குழாயை மிதித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அளவுமானியைப் பார்த்தால், மூச்சு இழுக்கும்போது முள் 50க்குக் கீழே விழுகிறது, விட்டதும் மறுபடி 170க்கு ஏறுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன், சிலிண்டரைத் திறந்து மூடும் வால்வு எட்டவில்லை. மேலே பாய்ந்துவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. நல்லகாலம், மச்சான் பக்கத்தில் நின்றார். கையைக் காட்டியதும் வந்தார், பின்னால் கை வைத்துத் திருகினார். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருகியிருப்பார். காற்று முழுசாக வந்தது.

வால்வு கால் சுற்று அளவுக்குத்தான் திறந்து இருந்திருக்கிறது. மேலே நின்று இழுக்கும்போது அந்தச் சின்ன வழியே போதும், அதனால் ஒரு குறையும் தெரியாது. 20 மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுக்க மூன்று மடங்கு காற்று அந்த வழியால் வரவேண்டும். அது வராது. சிலிண்டருக்குள் நிறையக் காற்று இருக்கும், ஆள் மூச்சுத் திணறுவார்.

கரைக்கு வந்ததும் தம்பியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். பூட்டிப் பார்த்துவிட்டு, காற்று வீணாகக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறான். இறங்கும் நேரம் அவசரத்தில் திறந்தவன், "முழுக்கத் திறந்து கடைசியில் கொஞ்சம் திருப்பி விடு" என்று ஆரோ சொல்லிக்கொடுத்ததை மாறிச் செய்து, மூடுகிற பக்கம் முழுக்கத் திருகிவிட்டுக் கொஞ்சம் மட்டும் திறந்து விட்டிருக்கிறான். அந்தப் பழைய பழக்கம் எங்கும் உண்டு. இப்போது பல இடங்களில் முழுக்கத் திறந்து அப்படியே விடச் சொல்லித்தான் பழக்குகிறார்கள். திருப்பி விடுவது என்று ஒன்று இல்லாவிட்டால், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கைக்கும் குழப்பம் வராது.

அவனை நான் குறை சொல்லவில்லை. பூட்டியது அவன், ஆனால் இறங்கியது நான். அதுக்குப் பிறகு என் சிலிண்டரைத் தூக்கட்டும், ஜாக்கெட்டோடு கட்டட்டும். ரெகுலேற்றரும் வால்வும் என் கைதான். எல்லாம் மாட்டிய பிறகு அளவுமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நாலைந்து தரம் ஆழமாக இழுப்பேன். முள் அசையாமல் நின்றால்தான் இறங்குவேன். அதற்குப் பிறகு என் முதுகுப் பக்கம் ஒருவரையும் தொட விடமாட்டேன்.

உங்களுக்கு என்ன நடந்தது?

சிலாவத்துறை:

தம்பி, வாசிக்கும்போது எனக்கே மூச்சு முட்டியது.

எங்கள் பக்கம் அரிப்பு என்ற ஊரில் முத்துக் குளித்த காலத்துக் கதைகள் இன்றைக்கும் பேசப்படும். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள், மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் அப்பு சொல்வார். தன் தமக்கையோ தங்கையோ தாலி அறுக்க அவன் விடமாட்டானாம். உங்களுக்கும் மச்சான்தான் கை கொடுத்திருக்கிறார், பாருங்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். கயிறு பிடிக்கிறவருக்குக் கீழே இருக்கிறவரின் அசைவு கையிலேயே தெரியும். ஒரு இழுப்பு வந்தால் தூக்கிவிடுவார். சிலிண்டர் பூட்டித் தருகிற பிள்ளைக்கு, நீங்கள் தண்ணீருக்குள் போனதும் ஒன்றும் தெரியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய உதவி தண்ணீருக்கு மேலேயே முடிந்துபோகிறது. அதனால் பழைய நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

எனக்கு நடந்தது வால்வில் இல்லை, காற்றில். சிலிண்டர் நிரப்பின இடத்தில், காற்றை அமுக்கி அடைக்கிற கொம்பிரசரின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே அது காற்று இழுக்கும் குழாயும் இருந்திருக்கிறது. 12 மீற்றரில் அரை மணித்தியாலம் நின்றிருப்பேன், தலை பிளந்தது, கண் மங்கியது. ஏறி வந்து வாந்தி. எஞ்சின் புகையில் இருக்கிற காபன் மோனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அது கொடியதாகும். எண்ணெய் மணம் வந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கிவிடுங்கள். மணம் வராவிட்டாலும், நிரப்பும் இடத்துக்கு ஒருதரம் போய் அந்தக் காற்று இழுக்கும் குழாய் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். பூட்டுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் உள்ளே இருக்கிற காற்று அவருக்குத் தெரியாது.

வவுனியா:

நான் பெண், சுழியோடப் பழகி இரண்டு வருடம். எனக்குச் சாமான் பூட்டுவதில் பயம் இல்லை. "வேண்டாம், நானே செய்கிறேன்" என்று சொல்வதுதான் கஷ்டம். படகில் எல்லாரும் என்னைவிட வயதில் மூத்த அண்ணாக்கள். "தங்கச்சி, நீங்கள் இருங்கோ, பாரம்" என்று பாசமாகத்தான் வருகிறார்கள். நான் மறுத்தால் அவர்களின் தொழிலை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று பல தடவை பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஒருதரம் என் வால்வைத் திறந்து, எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் விழப் போகிற நேரம், ஒரு அண்ணா "திறந்திருக்கா?" என்று தானே கேட்டுக்கொண்டு பின்னால் கையை வைத்துத் திருகினார். அவர் எனக்கு எதிரே நின்று, என் தோளுக்கு மேலால் கையை விட்டவர். இடம் வலம் மாறி மூடிவிட்டார். விழுவதற்கு முன் நான் இன்னொருதரம் இழுத்ததால் தெரிந்தது. குழாயில் மிச்சமிருந்த காற்றில் இரண்டு மூச்சு வந்தது, மூன்றாவது வரவில்லை. இரண்டோடு நிறுத்தியிருந்தால் அப்படியே விழுந்திருப்பேன்.

இப்போது படகில் ஏறியதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்: "அண்ணா, சிலிண்டரைத் தூக்கித் தாங்கோ, பூட்டுறது நான். எனக்கு அப்படித்தான் பழக்கம்." முதலிலேயே சொன்னால் ஒருவரும் மனம் நோவதில்லை. அவர் கை வைத்த பிறகு சொன்னால்தான் முகம் வாடுகிறது.

நாயாறு:

எல்லாரும் இறங்குகிறவர்கள். நான் பூட்டித் தருகிறவன். நானும் எழுதலாம்தானே?

ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிலிண்டர் பூட்டுவேன். படகு ஆடும், எஞ்சின் சத்தம், ஓட்டி "கெதியாப் பூட்டு" என்று கத்துவார். வால்வின் வாயில் இருக்கிற ஓ றிங், அந்தச் சின்ன ரப்பர் வளையம், கழன்று விழுந்திருந்தால் காற்றுச் சீறும். அதைச் சத்தத்திலேயே பிடித்துவிடலாம். பாதி திறந்த வால்வு சத்தம் போடாது. அதுதான் எங்களுக்கும் பயம்.

இறங்குகிறவர் தானே பார்த்தால் எனக்குக் கோபம் வராது. சொல்லப் போனால் அன்றைக்கு இரவு நிம்மதியாக நித்திரை வரும். ஒன்றும் பாராமல், கையை நீட்டி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு விழுகிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அவர் மேலே வரும் வரைக்கும் நான் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவருக்கு ஒன்று நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் போய் நிற்கப் போவது நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பூட்டினால் நேரத்தோடு பூட்டுங்கள். படகு இடத்துக்கு வந்து நங்கூரம் போட்ட பிறகு தொடங்கினால், மற்றவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள். அந்த அவசரத்தில்தான் பிழை வரும்.

முல்லைத்தீவு:

நாயாற்றுத் தம்பி, எங்கள் படகுத் தம்பியிடம் நான் கேட்காமல் விட்டது இதைத்தான். நீங்கள் எழுதியதை நேற்று அவனுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். பிறகு, "அண்ணை, நீங்கள் பார்க்கேக்க நான் பக்கத்தில நிக்கிறன். நீங்கள் முள்ளைப் பாருங்கோ, நான் வால்வைத் தொடமாட்டன்" என்றான்.

இன்றைக்கு விடிய நாலரைக்கே கரைக்குப் போய்விட்டேன். படகு தள்ளும் முன்னமே மணலில் வைத்து என்னுடையதையும் மச்சானுடையதையும் பூட்டினோம். நான் வால்வை முழுக்கத் திறந்து ஐந்து தரம் இழுத்தேன், தம்பி ரோச் லைற்றை முள்ளுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். 195ல் அசையாமல் நின்றது. வவுனியாத் தங்கச்சி சொன்னதை நினைத்து, விளிம்பில் உட்கார்ந்த பிறகும் இன்னும் மூன்று தரம் இழுத்துவிட்டுத்தான் விழுந்தேன்.