இரவுப் பணிப் பதிவேடு, பயிற்சி மானியம்: அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். நான் ஒரு சிறிய முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பொறுப்பாளர். 28 பேர் தங்கியிருக்கிறார்கள், பாதிப் பேர் படுத்த படுக்கை. புதிய விதிமுறைப்படி தொற்றுத் தடுப்புத் திட்டம், பணியாளர் பயிற்சி இரண்டையும் எழுத்தில் காட்ட வேண்டும். ஆய்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான்.

கை கழுவுவதில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களை எல்லோருக்கும் பழக்கிவிட்டோம். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசிக்கும் பட்டியல் தயார்.

என் கவலை இரவுப் பணிதான். படுக்கைப்புண் வராமலிருக்க ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், நடுவில் யாராவது மூச்சுத்திணறி அழைப்பார்கள். இருப்பது இரண்டே பேர். வேலையைச் செய்துவிடுகிறார்கள், எழுத நேரமில்லை. எழுதாவிட்டால் செய்யாததாகத்தான் கணக்கு. விடிய விடிய அவர்கள் உழைப்பதைப் பார்க்கிற எனக்கு மனசு கேட்கவில்லை.

உங்கள் இல்லத்தில் ஒரே பக்கத்தில் குறிக்கும்படியான இரவுப் படிவம் இருந்தால் பகிருங்கள். தங்கியிருப்பவர்களின் பெயர், நோய் விவரங்களை மட்டும் நீக்கிவிடுங்கள். அப்புறம், பயிற்சிச் செலவுக்கு அரசு மானியம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விண்ணப்பத்துடன் என்னென்ன இணைத்தீர்கள், எவ்வளவு நாளானது என்று சொன்னால் பெரிய உதவி.