பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுகிறது: பிரிக்காமல் இடத்தைக் கண்டறிய முடியுமா?

வயல்வரப்பு (கேள்வி):

வணக்கம். எங்களிடம் இருப்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த 35 குதிரைத்திறன் டிராக்டர். பெர்குசன் முறையில் அமைந்தது. கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான், பம்பும் அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கியிருக்கும். குறுவைக்குச் சேற்றுழவு முடித்ததிலிருந்து பத்து நாளைக்கு ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. இரவு கொட்டகையில் நிறுத்தினால், காலையில் வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே கையகலத்துக்கு எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது. கியர் பெட்டியின் முன்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கும், வண்டியை இரண்டாகப் பிரித்தால்தான் முடியும் என்று மெக்கானிக் சொல்கிறார். போன மாதம்தான் பி.டி.ஓ. ஷாப்ட் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீலை மாற்றினோம், ஒழுக்கு நிற்கவில்லை. இன்னொன்று, கல்டிவேட்டர் கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது தரையைத் தொட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா? பிரிப்பதற்கு முன் நானாகச் சோதிக்க என்ன வழி?

பழையபட்டறை:

தம்பி, ஒழுகுவது எந்த எண்ணெய் என்று தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதில் ஒரு ஸ்பிலிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி முளை) தளர்வாகத் தொங்கும். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருப்பதால் துளை அடைபடாது. எஞ்சினின் பின்பக்க சீல் போனாலும், கியர் பெட்டியின் முன் சீல் போனாலும், எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பின்னைத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு வெள்ளைத் தாளை இரவு முழுவதும் விரித்து வையுங்கள். கறுப்பாகச் சொட்டினால் எஞ்சின் எண்ணெய், தேன் நிறத்தில் சொட்டினால் கியர் பெட்டி எண்ணெய். துளை உலர்ந்தே இருந்தால், வண்டியைப் பிரிக்கும் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

கொட்டகைத் தரை சமமா, சரிவா என்று நீங்கள் சொல்லவில்லை. சொட்டு விழும் இடத்தை நம்பி சீல் மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வார்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய்த்தான் விழும். ஆகவே வண்டியின் பின்பகுதி முழுவதையும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, அரை நாள் வெயிலில் காய வையுங்கள். பிறகு லிப்ட் மூடியின் (கலப்பையைத் தூக்கும் அமைப்பின் மேல்மூடி) பேக்கிங் ஓரம், லிப்ட் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் குறுக்கு ஷாப்டின் இரு முனைகள், டிரெய்லர் ஹோஸ் இணைப்பு, அச்சுக் குழாய் சேரும் இடம் எல்லாவற்றிலும் முகப் பவுடரைத் தூவிவிட்டு, கல்டிவேட்டரை இருபது முறை ஏற்றி இறக்குங்கள். எண்ணெய் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கும். நனைந்தவற்றில் எது உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஒழுக்கு. கீழே இருப்பவை அதிலிருந்து வழிந்தவையாக இருக்கலாம்.

கரிசல்காடு:

கலப்பை இறங்குவதற்கும் தரையில் எண்ணெய் விழுவதற்கும் நேரடித் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இறங்குவது உள் ஒழுக்கு. பம்பு அனுப்பும் எண்ணெய் ஒரு நிமிர்ந்த குழாய் வழியாக மேலே சிலிண்டருக்குப் போகிறது. அந்தக் குழாயின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) கடினமாகி வெடித்திருந்தாலோ, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் ரிங் தேய்ந்திருந்தாலோ, எண்ணெய் வெளியே ஒரு சொட்டும் வராமல் தொட்டிக்கே திரும்பிவிடும். எஞ்சின் ஓடும்போது கலப்பை தலையாட்டுவது போலச் சற்று இறங்கி மீண்டும் எழுகிறதா என்று பாருங்கள். அப்படி ஆடினால் உள் ஒழுக்குதான். இறங்கிய அளவைப் பம்பு திரும்பத் திரும்ப ஈடுகட்டுகிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. தூக்கிய கலப்பையின் கீழே தலையையோ கையையோ நீட்டாதீர்கள். உங்கள் லிப்ட் நிற்காது என்று உங்களுக்கே தெரிகிறது. டிரெய்லர் ஹோஸில் நுண்ணிய துளை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், விரலால் தடவாமல் ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகக்கூடும்.

வயல்வரப்பு:

இருவருக்கும் நன்றி. ஸ்பிலிட் பின் இரண்டு இரவும் உலர்ந்தே இருந்தது. தாளில் ஒரு சொட்டும் இல்லை. பவுடர் நனைந்தது குறுக்கு ஷாப்டின் இடது முனையில். அங்கிருந்து ஹவுசிங்கின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு மெல்லிய கோடு முன்னோக்கி ஓடுகிறது. கொட்டகைத் தரை முன்பக்கம் சரிவுதான். நாற்பது வருடமாக அந்தத் தரையில் நடக்கிறேன், இது தோன்றவில்லை. ஐயா சொன்ன இடங்களைக் கழுவும்போது உள்ளே சூடேறும் காற்று வெளியேறும் காற்றுத்துளையின் மூடியையும் பார்த்தேன். சேறு இறுகி முழுவதும் அடைத்திருந்தது. கலப்பையும் நீங்கள் சொன்னபடியே தலையாட்டுகிறது.

பழையபட்டறை:

அப்படியானால் இரண்டு கோளாறும் ஓரளவு ஒன்றோடொன்று சேர்ந்தவைதான். குறுக்கு ஷாப்ட் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பது. அங்கே எண்ணெய் தேங்கி நிற்காது, தெறித்துத்தான் வரும். உள்ளே ஓ ரிங் வழியாகப் பீச்சும் எண்ணெய் மூடியின் அடியில் மோதித் தெறிக்கிறது, காற்றுத்துளை அடைபட்டதால் சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் அந்த எண்ணெயைச் சீல் பக்கமாகத் தள்ளுகிறது. காற்றுத்துளையை முதலில் சுத்தம் செய்யுங்கள், அதற்குச் செலவே இல்லை.

லிப்ட் மூடியைத் தூக்கும்போது, குழாயின் ஓ ரிங், பிஸ்டன் ரிங், குறுக்கு ஷாப்டின் இரு சீல்கள், மூடி பேக்கிங் நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். அந்த மூடியை இருவர் சேர்ந்தாலும் தூக்குவது கடினம், செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வேண்டும். சீல் போடுவதற்கு முன் லிப்ட் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஷாப்ட் லொடலொடவென்று ஆடினால் அதைத் தாங்கும் உருளை வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. புஷ்ஷை மாற்றாமல் போடும் புது சீல் அடுத்த உழவு வரைகூடத் தாங்காது. ஓ ரிங்கை எண்ணெயில் நனைத்து மாட்டுங்கள், உலர்ந்தபடி தள்ளினால் விளிம்பில் அறுந்துவிடும். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் சேற்றுழவின்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போது பழைய எண்ணெயை முழுவதும் இறக்கிவிட்டுப் புது எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும், கேனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு மூடியைத் திறங்கள்.