ஸ்கேனில் கறுப்புக் கோடு, ஃபோல்டருக்குப் போகாத ஃபைல்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

ரங்கூன், கணக்கு ஆபீஸ்:
ஆபீஸில் பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூன்றும் செய்யும் மல்டிஃபங்ஷன் மெஷினில் மூன்று தொந்தரவு. தாளைத் தானே இழுக்கும் மேல் ஃபீடரில் தாள் வைத்தால் பக்கத்தின் தலையிலிருந்து கால்வரை மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறது. மழை தொடங்கியதிலிருந்து இரண்டு தாள் சேர்ந்து உள்ளே போகிறது. கம்ப்யூட்டர் மாற்றிய நாளிலிருந்து ஸ்கேன் ஃபோல்டருக்குப் போகவில்லை. பிரிண்ட் மட்டும் ஒழுங்காக வருகிறது. ஸ்கேனர் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் ரிப்பேர்காரர். இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன், காப்பிக் கடை:
யூனிட்டுக்குக் காசு எடுத்து வைக்காதீங்க அண்ணே. ஒரே தாளைக் கண்ணாடியில் வைத்து ஒரு காப்பி, ஃபீடரில் விட்டு ஒரு காப்பி எடுங்கள். கண்ணாடிக் காப்பி சுத்தமாக வந்து ஃபீடர் காப்பியில் மட்டும் கோடு இருந்தால் யூனிட்டில் கோளாறு இல்லை. கண்ணாடியில் வைக்கும்போது தாள் கிடக்கும், சென்சார் நகரும். ஃபீடரில் சென்சார் ஓரிடத்தில் நிற்கும், தாள் அதன் மேல் ஓடும். நிற்கிற இடத்தில் மணல் அளவு அழுக்கு ஒட்டியிருந்தாலும் ஓடுகிற தாள் முழுக்கக் கோடாக இழுபடும். அதே அழுக்கு பெரிய கண்ணாடியில் இருந்தால் வெறும் புள்ளிதான்.

மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம், பெரும்பாலான மெஷின்களில், விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை தெரியும். கோடு அங்கேதான் பிறக்கிறது. எல்லாரும் பெரிய கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். ஒயிட்னர், கோந்து, காயாத பேனா மை, இவற்றோடு நம்ம பர்மாவில் முகத்தில் பூசும் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து. கன்னத்தைத் தொட்ட விரலோடு தாளை அடுக்கினால் அந்த மாவு பட்டையில் படிந்து, ஈரத்தில் இறுகிப்போகும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஃபோன் டார்ச்சைக் கண்ணாடியோடு படுக்க வைத்து அடியுங்கள், மேடாகத் தெரியும்.

மெஷினை அணைத்து, நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். நேரே கண்ணாடியில் ஊற்றினால் ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் அது ஒயிட்னர். ஒரு நிமிஷம் ஊறவிட்டுப் பழைய சிம் கார்டு அட்டையின் ஓரத்தால் சுரண்டலாம். பிளேடு வேண்டாம், கீறல் விழுந்தால் அந்தக் கோடு நிரந்தரம். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், தாளின் ஓரத்திலிருந்து கோடு 6 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றால் பட்டையிலும், தாளை ஓரத்தில் அணைக்கும் ஃபீடர் கைடு நிற்கும் ஓரத்துக்கு நேராக 6 சென்டிமீட்டரில் பாருங்கள். பட்டைக்கு மேலே, மூடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியையும் துடைக்க மறக்காதீங்க.

பேகு, சர்வீஸ்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. இருபக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் மெஷினில் ஃபீடருக்குள் இன்னொரு சென்சார் உண்டு. பின்பக்கத்தில் மட்டும் கோடு என்றால் ஃபீடர் மூடியைத் திறந்து உள் கண்ணாடியைத் துடையுங்கள். கண்ணாடியில் வைத்தாலும் ஃபீடரில் விட்டாலும் கோடு வந்தால் வெள்ளை எது என்று மெஷின் அளந்துகொள்ள உள்ளே இருக்கும் வெள்ளைப் பட்டையிலோ சென்சாரிலோ தூசி. அதைத் திறக்க ஆள் கூப்பிடுங்கள்.

இரண்டு தாள் சேர்ந்து போவதற்கு மழைதான் பாதிக் காரணம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும். கட்டைப் பிரித்து வெளியே வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் மூடுங்கள். ஸ்கேனுக்கு வைக்குமுன் விசிறி, நான்கு ஓரமும் தட்டிச் சேருங்கள். ஸ்டேபிள் எடுத்த இடத்து மடிப்பும் மாட்டும். மீதிப் பாதி ரப்பரில் இருக்கிறது: உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலர், கீழே தாளைப் பிரிக்கும் பேட். தாள் தூசி ஏறி ரப்பர் வழுவழுப்பானால் பிடி போய்விடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ரோலரைக் கையால் சுற்றிக்கொண்டே துடையுங்கள். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வறண்டு வெடிக்கும். துடைத்த பிறகும் பளபளத்தால் ரோலரும் பேடும் சேர்த்து மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்.

ரங்கூன், கணக்கு ஆபீஸ்:
நகத்தில் தட்டுப்பட்டது, ஒயிட்னர்தான். கோடு போய்விட்டது. ஃபோல்டர் விஷயம்?

ரங்கூன், நெட்வொர்க்:
காப்பி வருகிறதென்றால் ஸ்கேனர் நல்ல நிலையில் இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்பும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். பழைய மெஷின்களுக்கு அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10இல் 2017இன் 1709 பதிப்பிலிருந்து அது முன்னிருப்பாக வருவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 புரோ பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய் வருவது வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. எஸ்எம்பி 1ஐத் திறந்துவிடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது பூட்டைக் கழற்றி வைப்பது மாதிரி, செய்யாதீர்கள். முதலில் மெஷினுக்கு புதிய ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எஃப்டிபி என்ற வேறு ஃபைல் அனுப்பும் முறை அல்லது யுஎஸ்பி வழி.

மெஷின் புதிதென்றால் இப்படிச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஸ்கேனுக்கென்று தனி லோக்கல் யூசர், அதற்கு உண்மையான பாஸ்வேர்டு. லாகின் செய்யும் நான்கு இலக்கப் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு இடத்திலும் அந்த யூசருக்கு எழுதும் உரிமை தேவை. நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எஸ்எம்பி உள்ளே வரும் 445 போர்ட்டை ஃபயர்வால் அடைக்கும். கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை ரவுட்டரில் நிலைப்படுத்துங்கள். கரண்ட் போய் வந்தால் எண் மாறி, நேற்று போன ஃபைல் இன்று போகாது. ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். 2019இல் நாடே யூனிகோடுக்கு மாறிய பிறகும் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் கிடக்கின்றன, மெஷின் பேனலில் அது கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

எல்லார் லாகினையும் ஒரே சர்வர் பார்க்கும் டொமைன் உள்ள ஆபீஸ் என்றால் மெஷினின் கடிகாரத்தையும் பாருங்கள். நம்ம நேரம் உலகப் பொது நேரத்துக்கு (யூடிசி) 6:30 மணி முன்னால். பாங்காக் 7:00 மண்டலத்தை வைத்துவிட்டு முள்ளை மட்டும் நம்ம நேரத்துக்குத் திருப்பினால் மெஷினின் உள்கணக்கில் அரை மணி பிசகும். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிஷ வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடாது.

மோல்மேன், காப்பிக் கடை:
கரண்ட் என்றதும் ஒன்று. லேசர் மெஷினைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீங்க. தாளில் தூள் மையை உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது. போன கரண்ட் வந்தவுடன் போடாமல் இரண்டு மூன்று நிமிஷம் நிதானிக்கலாம்.

பேகு, சர்வீஸ்:
ஸ்கேனை ஜிமெயில் கணக்கு வழியாக அனுப்புகிறவர்களுக்கும்: 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டு மெஷினில் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து, 587 போர்ட்டில் கொடுங்கள். மெயிலோடு இணைக்கும் ஃபைல் 25 எம்பி வரைதான், அதுவும் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். கணக்குத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தாராளம். 600 வைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

ஆனால் ஃபைலைச் சின்னதாக்க அதிகபட்ச அமுக்கத்தையும் போடாதீர்கள். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் சில ஜெராக்ஸ் மெஷின்களின் ஸ்கேனில் 6 என்ற எண் 8 ஆக மாறுவதைக் காட்டினார். ஒரே மாதிரி தெரியும் எழுத்துக்களை ஒன்றாக எண்ணி ஒட்டும் அமுக்க முறைதான் காரணம். மங்கலாகத் தெரிந்தால் கண்ணுக்குப் பிடிபடும். இது பளிச்சென்று தெரியும், ஆனால் எண் தப்பாக இருக்கும்.

ரங்கூன், கணக்கு ஆபீஸ்:
பின் எண்ணைத்தான் போட்டிருந்தோம். தனி யூசர் வைத்ததும் ஃபைல் போகிறது. ரோலருக்குச் சொல்லியிருக்கிறோம், பேடும் சேர்த்து.